தாமரை கொண்டுபோகிறவர்களின் செருப்பு

ஸ்ரீரங்கம் கோவில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மா அவர். நெற்றி நிறைய குங்குமம். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

அன்று காலை இதே ஊரில், கே.கே. நகர் மருத்துவமனை ஒன்றில் என் மகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்து, வயதுக்குக் குறைவு என்று தாள் கொடுத்திருந்தார்கள். அவளைத் தனி வகுப்பில் போட நான் அந்தத் தாளில் கையெழுத்திட்டுப் பள்ளியில் கொடுக்க வேண்டும். பெருமாளைச் சேவித்தும் மனசு நிலைகொள்ளவில்லை.

திரும்பி வந்து செருப்புக்காகக் கூட்டத்தில் காத்திருந்தபோது மகள் சொன்னாள்: "அப்பா, தாமரை கொண்டுபோறவங்க செருப்பை மட்டும் இவங்க பின்னாடி வைக்கிறாங்க."

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "தாமரைன்னா தாயார் சன்னதிக்கும் போவாங்க, வர லேட்டாகும். கூடவே உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரருக்கே இது புரியலை பாப்பா!"

"டெஸ்ட் வெச்சு, இவளுக்கு அறிவு கம்மின்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்றேன்.

"எனக்கும் எழுதிக் குடுத்திருப்பாங்க சார். டெஸ்டுக்கு யாரும் கூப்பிடலை, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

அந்தத் தாள் இன்னும் பூஜை அலமாரியில் இருக்கிறது. பள்ளியில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். பேனாவை எடுத்தால் அந்தச் சிரிப்புதான் முன்னால் வருகிறது. கையெழுத்துப் போடுவது சரியா, போடாதது சரியா, ரங்கநாதா, எனக்குத் தெரியவில்லை.