கிணற்றடித் தற்காப்பு

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் அப்பா, அவருடைய அண்ணனான என் பெரியப்பா, நான். இருந்து நியாயம் தீர்த்திருக்க வேண்டிய ஊர் மணியக்காரர் இல்லை; அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

வெண்ணந்தூரில் எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே கிணறு. நாள் விட்டு நாள் இறைக்கும் முறை. அமாவாசையன்று யாரும் மாட்டைப் பூட்டுவதில்லை. அந்த மாதம் அமாவாசை எங்கள் முறையில் விழுந்தது. விட்டுப்போன முறை மறுநாள் வரும் என்றிருந்தார் அப்பா. போனது போனதுதான் என்றிருந்தார் பெரியப்பா. இதைப் பேசி முடிக்க அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் மிளகாய் வாடிக்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் விடிந்ததும் பெரியப்பா தோளில் நுகத்தடியோடு மாடுகளை ஓட்டிவந்தார்.

“ஏனுங்கண்ணா, இன்னைக்கு எம்பட முறையாச்சே?”

“உம்பட முறை அமாவாசையோட போச்சு. நகருடா.”

சொல்லிக்கொண்டே நுகத்தடியைத் தோளிலிருந்து எடுத்தார். அப்பா மண்வெட்டிக் காம்பை வீசினார். பெரியப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. “வேண்டாமுங்கப்பா” என்ற என் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

“அவரு ஓங்குனாரு. நான் தற்காப்புக்குத்தான் அடிச்சேன்” என்று ஊரெல்லாம் சொன்னார் அப்பா.

அந்தச் சொல் அவருக்கு என்னிடமிருந்து கிடைத்தது. காப்பிக் கடையில் நான்தான் பத்திரிகை படித்துக் காட்டுவேன். அப்போது இத்தாலி, அபிசீனியா என்ற நாட்டுக்குள் படையோடு புகுந்திருந்தது. அந்தத் தகராறும் எல்லைப்பக்கத்தில் ஒரு கிணற்றடியில் தொடங்கியதுதான். தற்காப்புக்கே வந்தோம் என்றது இத்தாலி. “அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூந்து அடிச்சுப்போட்டுத் தற்காப்பாமா! நம்மூருத் திருடனுக்கே இந்த வாய் இல்லீங்க” என்று கடை அதிரச் சிரித்தவர் அப்பா.

வழக்கு ராசிபுரம் கோர்ட்டுக்குப் போனது. நுகத்தடியைப் பெரியப்பா இறக்கத்தான் எடுத்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றவில்லை. “படிச்ச பையன். உண்மையைச் சொல்லிப்போடுவான்” என்றார்.

தீர்ப்புக்கு முன்னால், கோர்ட்டு வேப்பமரத்தடியில் அப்பா கேட்டார்: “நாடுகளுக்கெல்லாம் மேல ஒரு சங்கம் இருக்குதுன்னியே சாமி, அது என்ன சொல்லுச்சு?”

“இத்தாலி பண்ணுனது தப்புன்னு சொல்லுச்சுங்க.”

“அப்புறம்?”

“ஒண்ணும் ஆகலீங்க. நாடு போயிருச்சு.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஜெயில் இல்லை, அபராதம்தான். அதற்கும் வக்கீலுக்குமாக எங்கள் பாதிக் கிணற்றை ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றோம். முறிந்த கை கூடாத பெரியப்பா வைத்தியத்துக்காகத் தம் பாதியையும் அவருக்கே விற்றார். இரு வீட்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது அறுநூறு ரூபாய்.