கப்பல் தலைவனுக்கு நான் வைத்த பெயர்

அது யுத்த காலம். திண்டிவனத்து டெண்ட் கொட்டகை ஒன்றில் இங்கிலீஷ் படம் ஓடும்போது, திரையோரம் நின்று தமிழில் கதை சொல்வது என் வேலை. அன்றைய படத்தில் குண்டுபட்ட கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. அடித்தட்டில் ஆட்கள் இருக்கும்போதே கதவை அடைக்கச் சொல்கிறான் கப்பல் தலைவன். மற்றவர்கள் பிழைக்கிறார்கள். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, "கொலைகாரப் பாவி" என்றேன். கொட்டகையே சீழ்க்கையடித்தது.

ஆட்டம் முடிந்ததும் பொம்மையார்பாளையத்து மீனவர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"புயல்ல, பின்னால கட்டியிருந்த கட்டுமரம் எங்க படகையும் சேத்து இழுத்துக்கினு போச்சுங்க. நான்தான் கயித்த அறுத்தேன். கட்டுமரத்துல எந்தம்பி இருந்தான். படகுல எட்டு பேரு. அப்ப நானும் பாவிதானுங்களா?"

என் பதிலுக்குக் காத்து நின்றுவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் அந்தக் காட்சி வந்தபோது நான் பேசாமல் நின்றேன். முந்தின நாள் பார்த்தவர்களே பாதிப்பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறந்துவிட்டதாக நினைத்து அவர்களே கத்தினார்கள்: "கொலைகாரப் பாவி."

அந்தக் கூட்டத்தில் மீனவர் இருக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.