தோணி கடலில் நிற்கையில்

யுத்தம் நடக்கிற சமயத்தில் விடுமுறைக்கென்று கடல் தாண்டிப் போனவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். அதுவும் திருகோணமலைக்கு. அங்கே துறைமுகத்தில் குண்டு விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாகப்பட்டினத்தில் நான் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்கு மில் சரக்கு வருவது நின்றுபோயிற்று. சரக்கு வந்ததும் சொல்லியனுப்புகிறேன், அதுவரை எங்கேயாவது போய் வா என்று முதலாளி சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அந்தக் கடைக்குள் நுழைந்தவன் நான். விடுமுறை என்றதும் சந்தோஷம் வரவில்லை. திரும்பக் கூப்பிடாமலே விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் வந்தது. என் சுபாவம் அப்படி. நல்லது நடந்தால்கூட அதன் முதுகுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பேன்.

என் அக்கா நிலாவெளியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பா சரக்குத் தோணியில் திருகோணமலைக்குப் போய்வந்த காலத்தில் பேசி முடித்த சம்பந்தம். அவளைப் பார்க்கலாம் என்று தனுஷ்கோடியில் கப்பலேறினேன். கப்பலில் கவிழ்வோமோ என்று பயம், ரயிலில் காகிதம் கேட்பார்களோ என்று பயம். ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும் அக்கா, "வந்திட்டியோ? ஒழுங்கா வந்தனியோ?" என்றாள். ஆமாம் என்ற சொல்லையே மறந்து, எதற்கும் ஓம், ஓம் என்று சொல்லும் பெண்ணாகியிருந்தாள்.

அத்தான் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. இழுக்கிற ஆட்களுக்கு மீனில் பங்கு. குண்டு விழுந்தபோது ஊரில் பாதிப் பேர் காட்டுப் பக்கம் ஓடிப்போனார்கள். திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே வெள்ளைக்காரன் கட்டாத கட்டடமில்லை, தோண்டாத குழியில்லை. போய் நின்றால் அன்றன்றைக்குக் கூலி. இங்கே ஆள் குறைந்ததால் வலை மெதுவாகக் கரைக்கு வரும். வலை மெதுவாக வந்தால் மீன் வழி கண்டுபிடித்துவிடும். நான் போய்ச் சேர்ந்த வாரம் முழுக்க வலை வெறுமையாகவே வந்தது.

ஒருநாள் மாலை, சோறு தின்று கை கழுவும்போது அத்தான் சாதாரணமாகச் சொன்னார். "நாளைக்கும் வெறும் வலையெண்டால் சுருட்டி வாடிக் கொட்டிலுக்குள்ள ஏத்திப்போட்டு எல்லாருமாத் துறைமுகத்துக்குப் போவம். வலை இழுக்கிற பெடியளிட்டையும் சொல்லிப்போட்டன்."

அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் துறைமுகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்ததே அங்கேதான். இன்னொரு முறை விழுந்தாலும் அங்கேதான் விழும். நாலு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் பாயில் உருண்டுகொண்டிருந்தன. இதையெல்லாம் அத்தானிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீன் வரவேண்டும், மீன் வரவேண்டும் என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் விடியுமுன்பே அத்தான் போய்விட்டார். அவருடைய பாடு, அதாவது வலை போடுவதற்கென்று அவருக்கு உரிமையுள்ள கரைத்துண்டு, வடக்கே இறக்கக்கண்டிக்குப் போகிற வழியில் இருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. கரையோடு கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். அக்கா ஆயிரம் புத்தி சொன்னாள். முள்ளுக்கம்பி கண்டால் கிட்டப் போகாதே, பட்டாளத்துக்காரன் கூப்பிட்டால் ஓடாமல் நில், தண்ணீரில் இறங்காதே. எல்லாம் சொன்னாள், ஒன்றைத் தவிர. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

அதுவரை நான் தனியாக நடந்த நடையெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும் இடையில்தான். போய்ச் சேர ஒரு இடமில்லாமல் நடப்பது எப்படி என்று கால்களுக்கே தெரியவில்லை. முதலில் கடைக்குப் போகிறவன் மாதிரி வேகமாக நடந்தேன். பிறகு, யாரும் காத்திருக்கவில்லை என்பது மெல்ல உறைத்து, வேகம் குறைந்தது. வலது கைப்பக்கம் கடல், அதில் புறாத்தீவு ஒரு கறுப்புக் கட்டியாக. இடது கைப்பக்கம் தாழம்புதர். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் இளம் சூடாகத் தள்ளிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஈர மணலில் அங்கங்கே தார்க் கட்டிகள் ஒதுங்கியிருந்தன. எந்தக் கப்பல் எங்கே மூழ்கிக் கக்கிய எண்ணெயோ. ஒன்று உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கப் பரவியதே ஒழியப் போகவில்லை. கவலையும் இப்படித்தானே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, பெரிய படிப்பாளி மாதிரி யோசிக்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. அலை வந்து என் கால்தடத்தை அழித்துவிட்டுப் போகும்போது, இந்தக் கரையில் என்னைப் பற்றி யாருக்கும் எந்த எண்ணமும் இல்லை என்ற நினைப்பு ஒரு ஓய்வு போல இருந்தது.

கரை ஒரு இடத்தில் லேசாக வளைகிறது. அதைத் தாண்டியதும் அத்தானின் தோணியைக் கண்டேன். கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் வலையை ஏற்றிக்கொண்டு நின்றிருந்தது. உள்ளே ஆட்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே தூரத்தில், கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தபடி அத்தானும் இன்னும் சில ஆட்களும் கரையில் நின்றார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கிழக்கே, சூரியன் இருக்கிற திசையில், கடலுக்கு மேலே. விமானம். கண் கூசியதில் அது யாருடையது என்று தெரியவில்லை. குண்டு போட்டவர்களும் அன்றைக்குக் கடல் பக்கமிருந்துதான் வந்தார்கள் என்று அத்தான் சொல்லியிருந்தார். தோணியில் இருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவர்களுக்குக் காது கேட்கவில்லையா? தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவித் தலைக்கு மேலே சுழற்றினேன். கரைக்கு வாங்க, கரைக்கு வாங்க என்று கத்திக்கொண்டே, வந்த வழியில் தெற்கே ஓடினேன். என்னைப் பார்த்தாவது அவர்களும் அந்தப் பக்கம் வரட்டும் என்று.

அவர்கள் பார்த்தார்கள். தோணி ஒரு துள்ளு துள்ளித் திரும்பியது. துடுப்புகள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. என் சொல்லைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு பார்த்தால், தோணிக்குப் பின்னால் வலை மளமளவென்று கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

விமானம் எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து, சீனன்குடா இறங்குதளத்தை நோக்கிப் போயிற்று. இங்கிலீஷ்காரனுடையது. தினமும் அந்த நேரத்துக்குக் காவல் சுற்றிவிட்டுத் திரும்புமாம்.

வடக்கே ஒரு மணல்மேட்டிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். அத்தானுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாற்பது வயதிருக்கும். மீன் கூட்டம் பார்ப்பது அவர் வேலை. மேட்டில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட்டம் எங்கள் பாட்டுக்குள், அந்தக் கரைத்துண்டுக்கு நேரே, வந்ததும் வெள்ளைத் துணியை வீசுவார். எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் வலையை விடவேண்டும். அதனால் அந்தக் கரையில் தோணி கடலில் நிற்கும்போது ஒருவரும் துணி வீசமாட்டார்கள். பெண்கள் துவைத்த சேலையைக்கூடக் கடலுக்கு முதுகு காட்டி நின்றுதான் உதறுவார்கள். அக்கா சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார். திட்டவில்லை. வடக்கே கையை நீட்டிக் காட்டினார். நீலத் தண்ணீரில் ஒரு மேகத்தின் நிழல் மாதிரிப் பெரிய கருந்திட்டு. வானத்தில் மேகமே இல்லை.

"பாரை," என்றார். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வரட்டும் எண்டு நிண்டனான்."

விட்ட வலையை இழுத்து முடிக்காமல் மறுபடி விட முடியாது. இழுத்து முடிக்க மதியமாகிவிடும். அதற்குள் அந்தக் கூட்டம் அடுத்தவருடைய பாட்டுக்குள் போய்விடும். போனால் அது அவர்களுடையது. அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. கயிற்றடியில் நின்றிருந்த அத்தான் என்னைப் பார்த்தார்.  அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பியது நானேதான் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். அக்கா வெள்ளைச் சேலையோடு நிற்பதுவரை மனசு ஓடிவிட்டது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர் தம்பி? கயித்தைப் பிடியும்," என்றார் அத்தான்.

பிடித்தேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "இந்தியாவில இப்பிடித்தான் மீனைக் கூப்பிடுறவையோ?" என்றார். இன்னொருவர், தெற்குப் பக்கமாய் ஓடினவருக்கு நாகப்பட்டினத்து மீன் தெரிந்திருக்கும், இந்த ஊர் மீன் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வழக்கமாக இழுக்கும்போது பாடுவார்களாம். அன்று ஒருவரும் பாட்டை எடுக்கவில்லை. குதிகாலை மணலில் புதைத்துப் பின்னால் சாய்வதும், ஒரு அடி எடுத்து வைப்பதும், மறுபடி சாய்வதும்தான். கயிறு என் உள்ளங்கையை உரித்தது. துணியை மட்டும் பிடித்துப் பழகிய கை. எரிந்தது, எரியட்டும் என்று இன்னும் இறுக்கினேன்.

வடக்கே கருந்திட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். ஒரு கட்டத்தில் அது வடக்கே வெகுதூரம் போய் மறைந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வலையின் மடி, மீன் சேரும் பைப்பகுதி, கரைக்கு வந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அவிழ்த்தார்கள். சூடையும் காரலுமாகப் பொடிமீன், ஒரு சிறிய திருக்கை, நிறைய இழுது மீன், அதாவது யாரும் தின்னாத சொறிமீன். மீனை அள்ளினால் இரண்டு ஓலைக் கடகம்கூட நிரம்பாது. அதைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். இது வெறும் வலையா, இல்லையா? முந்தின மாலை அத்தான் சொன்ன சொல்லுக்கு அளவு எதுவும் வைக்கவில்லை. ஒருவர், இதை வலை என்று சொன்னால் வலைக்கே வெட்கம் என்றார். இன்னொருவர், ஆளுக்கு ஒரு கறிக்கு வருமே என்று இழுத்தார். அத்தான் குனிந்து ஒரு காரலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். மறுநாளும் தொழில் உண்டென்றால் வலையை மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். இல்லையென்றால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுருட்டி ஏற்றுவார்கள். நல்ல தண்ணீருக்குக் கிணற்றடிக்குத் தூக்கவேண்டும். அவர் எதைச் சொல்வார் என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"தூக்குங்கோ," என்றார். "கிணத்தடிக்குக் கொண்டுபோவம்."

யாரும் குனியவில்லை. மீன் பார்க்கிறவர் வட்டத்துக்குள் வந்தார். என் துண்டினால் அதிகம் இழந்தவர் அவர்தான். விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று கண்டுபிடித்த கூட்டம் அது. இப்போது என் பெயரைச் சொல்லி ஏதோ வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பற்றிப் பேசவே இல்லை.

"நீங்கள் போங்கோ அண்ணை," என்றார். "நான் அங்க வரமாட்டன். என்னால ஏலாது."

அத்தான் ஏன் என்று கேட்டார்.

"குண்டு விழேக்கை நான் அங்கதான் மூட்டை இறக்கிக்கொண்டு நிண்டனான். உங்களுக்குத் தெரியும்தானே. வீட்டை வந்து ஒண்டும் சொல்லயில்லை. இண்டைக்கு இவர் துண்டோட ஓடினதைக் கண்டு எல்லாரும் சிரிச்சனியள். பிளேன் சத்தம் கேக்க நான் மேட்டில குந்திப்போட்டன், அண்ணை. மணலுக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு. துணியை வீசி இவரை மறிச்சிருக்கலாம். எழும்ப ஏலாமல் போச்சு."

 சுறா திரிகிற தண்ணீரில் சிக்கிய வலையை விடுவிக்க மூழ்குகிறவர் என்று அவரைப் பற்றி அக்கா சொல்லியிருந்தாள். அவர் அப்படி எல்லோர் முன்னாலும் நின்று சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. நானென்றால் தலைவலி என்றிருப்பேன். என் பயங்களை நான் அதுவரை மனிதர் யாரிடமும் சொன்னதில்லை. வேறு ஆளுக்கும் இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

கிண்டல் பண்ணியவர்களில் ஒருவர் மெல்ல, அவர் இல்லாமல் அங்கே போய் நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்றார். மற்றவர்கள் ஆளாளுக்கு ஒரு திசையைப் பார்த்தார்கள். அத்தான் வெகுநேரம் தன் கால்விரல்களால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் கடைசியில். "விரியுங்கோ."

வலையை விரித்தோம். எனக்கும் ஒரு ஓரம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு அத்தான் துறைமுகத்துக்குப் போகத்தான் செய்தார். குண்டு மறுபடி விழவில்லை. அவர் நல்ல கூலி வாங்கினார், தலைமயிர் கொட்டியதைத் தவிர ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினார். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை என்று இன்று சொல்லலாம். அன்று அந்தக் கரையில் நின்றவர்களில் யாருக்கும் அது தெரியாது.

கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டு என்று தாழை ஓலையில் கோத்து எனக்கும் கொஞ்சம் காரல் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லப் பயந்து வாங்கிக்கொண்டேன். அத்தான் வர நேரமாகும் என்பதால் தனியாகவே திரும்பினேன். போகும்போது நடந்த அதே கரை. அக்காவிடம் எதை முதலில் சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். வாசல் படலையடியிலேயே நின்றிருந்தாள். என் கை உரிந்திருப்பதையோ காலில் தார் இருப்பதையோ பார்க்கவில்லை.

"சுருட்டிப்போட்டினமோ?" என்றாள்.

"இல்லைக்கா. விரிச்சுக் காயப்போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மீனை வாங்கி, இவ்வளவு பொடி மீனை யார் உட்கார்ந்து அரிகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.