நிழல் கேட்ட சரக்கு

பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் உங்களுக்குப் பசிக்கும். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் ஞாபகம் வரும். இன்று காலையும் அப்படித்தான். ஆவடியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலும் எங்கள் ஜன்னலும் நேருக்கு நேர். அவர்கள் துருவ ஆரம்பித்தார்கள், நான் காபியை ஆறவிட்டுவிட்டு நினைப்பிலேயே என் முதல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

டிரைக்கோடெர்மா என்று ஒரு பூஞ்சை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ரொம்ப நல்ல மாதிரி. மண்ணில் இருந்துகொண்டு, பயிரின் வேரை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சைகளைத் தின்று தீர்க்கும். அது செழித்து வளரும்போது தேங்காய் வாசனை அடிக்கும். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் எங்கள் சின்னக் கம்பெனி அதை வளர்த்து, டால்க் மாவில் கலந்து, பாக்கெட் போட்டது. முன்பக்கம் கிரீஸ் வாசனை, பின்பக்கம் தேங்காய் வாசனை. அந்தப் பாக்கெட்டுகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, பாடியில் தொடங்கி பூந்தமல்லி தாண்டி வரைக்கும் உள்ள உரக்கடைகளில் தள்ளுவது என் வேலை.

விவசாயம் படித்த தெம்பு, தேனியிலிருந்து பட்டணம் வந்த திமிர், இரண்டும் அப்போது எனக்கு நிறைய. இப்போதும் குறைந்துவிட்டதாக வீட்டில் யாரும் சொல்வதில்லை.

கடைக்காரர்கள் முதலில் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார்கள். மருந்து என்றால் நெடி மூக்கில் ஏறி மண்டையில் அடிக்க வேண்டும் அவர்களுக்கு. மாவில் கலந்து காய்ந்த பிறகு அந்தத் தேங்காய் வாசனையும் அடங்கிவிடுமா, உதட்டைப் பிதுக்குவார்கள். "வாசனையே இல்லியேம்மா, இத்த எவன் வாங்குவான்?"

குமணன்சாவடி தனசேகர் அண்ணன் ஒருவர்தான் ஒரு பெட்டி இறக்கச் சொன்னார். அவர் கடைக்கு வருகிறவர்கள் சீக்கு வந்த செடியைப் பிடுங்கி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். விரித்துப் பார்த்த பிறகுதான் மருந்து. "இத்துக்கு இன்னாத்துக்கு மருந்து? தண்ணிய கொறச்சு வுடு, போ" என்று பாதிப்பேரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும். ஆனால் அப்படித் திரும்பிப் போனவர்கள்தான் அடுத்த முறை அண்டை நிலத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அப்படி வந்தவர் கம்சலா அக்கா. கோவில்பதாகைப் பக்கம் குத்தகை நிலத்தில் கீரை போட்டிருந்தார். முளைத்த தண்டுக்கீரை எல்லாம் கழுத்து அழுகிச் சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு என் பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த தடவை நான் போனபோது கம்சலா அக்காவும் கடையில் இருந்தார். மேசையில் மறுபடியும் காகிதம், காகிதத்தில் மறுபடியும் சாய்ந்த நாற்று. சத்தம் போடவில்லை.

"அண்ணாத்தே, நீ சொன்னேனுதான் போட்டேன். பாதி பாத்தி பூட்ச்சு. இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா நெலத்த வுட்டுட்டு நாலு ஊட்ல பாத்திரம் தேய்க்கத்தான் போவணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, வெறும் மாவ வித்துகினு கீறியா? பெட்டிய எடுத்துகினு கெளம்பு."

அவர் திருப்பிவிட்ட சரக்கை அந்த ரோட்டில் வேறு எந்தக் கடையும் தொடாது. எனக்குத் தேனி பஸ் கண்ணில் தெரிந்தது. பெட்டியைத் தேடினால், அது வாசற்படியில் இருந்தது. புது ஆளின் சரக்கை மூலையில் போடாமல் எல்லார் கண்ணிலும் படும்படி வாசலில் அடுக்குவது அண்ணன் செய்யும் மரியாதை. எனக்கும் செய்திருக்கிறார். புரட்டாசி வெயில் நேராக விழும் இடத்தில், என் நல்ல பூஞ்சைகளை அன்பாலேயே வேகவைத்திருந்தார்.

"அண்ணே, இது மருந்து இல்ல, உசுரு. வெயில்ல செத்துப் போச்சு" என்றேன்.

"ரீல் வுடாத. இங்க எல்லா மருந்தும் வெயில்லதான் கீது."

படித்ததைச் சொல்லி ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. என் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை இரண்டு டப்பாவில் பிரித்தேன். ஒன்றில் வாசல் பாக்கெட்டைத் தூவினேன், இன்னொன்றில் காலையில் அம்பத்தூரிலிருந்து எடுத்துவந்த புதுப் பாக்கெட்டை. "ரெண்டையும் மூடி இருட்டுல வைங்கண்ணே. உசுரு இருக்கிறது பச்சையாகும். ஆகலைன்னா நானே பெட்டியத் தூக்கிட்டுப் போறேன்" என்றேன். "சாப்புடுற சோத்த இப்பிடி பண்றியேம்மா" என்று கம்சலா அக்காதான் அங்கலாய்த்தார். அன்றைக்கு மதியம் எனக்கு டீயும் பன்னும்தான். கவலை? துளிகூட இல்லை. என் சரக்கு எனக்குத் தெரியாதா?

சில நாள் கழித்துத் திறந்தோம். வாசல் பாக்கெட் டப்பாவில் சோறு ஊசி நாறியது. மற்றதில் ஒரு பருக்கைகூட வெள்ளையாக இல்லை, பாசி படர்ந்த மாதிரி பச்சை. அண்ணன் குனிந்து முகர்ந்தார். "இன்னாம்மா, தேங்கா சோறு கணக்கா கீது!" என்றவர், சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான்தான் சாவடிச்சனா?"

கடையைப் பாதியில் சாத்தினார். புதுப் பாக்கெட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு கோவில்பதாகைக்கு வண்டியை விட்டார். பின்னாலேயே நானும் போனேன். கம்சலா அக்கா எருவில் கலந்து பாத்தியில் போட்டு முடிக்கும்வரை அண்ணன் வரப்பிலேயே நின்றார். அந்தப் பாத்தியில் நாற்று சாயாமல் நின்றது. முதல் அறுப்பில் எனக்கென்று கடையில் ஒரு கட்டு தண்டுக்கீரை காத்திருந்தது. அவ்வளவு ருசியான கீரையை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

அதன்பின் என் பாக்கெட்டை யார் கேட்டாலும் அண்ணன் முதலில் கேட்பது, "ஊட்ல நெழல் கீதா?" இல்லை என்றால், "உனக்கு ஆவாது, போ." தனசேகரே தர மறுக்கும் பொருளாச்சே என்று மற்ற கடைகள் என்னைத் தேடிப்பிடித்துச் சரக்குக் கேட்டன. அந்த ரோட்டில் உயிருள்ள சரக்கை ஓடவைத்தவள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

போன மாதம் ஒரு குழாய் வாங்க அந்தப் பக்கம் போனேன். ஆமாம், குழாய்தான். சுற்றியிருந்த நிலமெல்லாம் மனையான பிறகு அண்ணன் பைப்பும் பெயிண்டும் விற்கிறார். வருகிறவர்கள் போனில் படத்தைக் காட்டுகிறார்கள், அவர் எடுத்துக் கொடுக்கிறார். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

கம்சலா அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பால ரெண்டு வருசம் நல்லாத்தான் எடுத்துச்சும்மா, ஒரு நாத்து சாயல. நெலத்துக்காரன் வித்துட்டான். இப்ப உங்க ஆவடி பக்கம் ஃப்ளாட்டுங்கள்லதான் பாத்திரம் தேய்க்குது."

நானும் போனில் குழாயின் படத்தைக் காட்டினேன். குழாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.