லுனிங்நிங்கின் முப்பத்திரண்டு பற்கள்

ஏழைக் குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் அதன் வாழ்க்கை நிரந்தரமாக மாறுமா? இதைக் கண்டறிய, அப்படிப் பணம் அனுப்பிய தொண்டு நிறுவனம் ஒன்று தன் ஊழியர் செனைடாவை ஒரு படிவத்தோடு நவோடாஸ் மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பியது. பேட்டி காணவேண்டியது மீன்காரி லுனிங்நிங்கை. ஆறு வயது முதல் பதினெட்டு வரை அவளை ஆதரித்தவர் நார்வேயில் ஒரு பல் மருத்துவரின் விதவை. அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. டூத்பிரஷ் மட்டும் நிற்கவில்லை. பெட்டி பெட்டியாக வந்தது. "மூன்று வேளையும் துலக்குகிறேன்" என்று அவள் எழுதாத கடிதமில்லை.

செனைடா வந்த காலை பேட்டிக்கு அவ்வளவு உகந்ததாக இல்லை. தரகன் கோப்யோ, லுனிங்நிங்கின் மீன் தொட்டிகளை ஒவ்வொன்றாக உதைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தூணருகே அவள் பதினோரு வருடமாக விற்கும் இடம் அது. அது போனால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறில்லை. கோப்யோவுக்கோ அந்த இடத்தைக் கொடுத்து மச்சினனைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

"தூக்கிட்டு ஓடுடி! ஒன் வெள்ளக்காரிக்குக் கடிதாசி போட்டு அழு!"

"போடறேன். ஒன் மூஞ்சியையும் வரைஞ்சு அனுப்பறேன். அந்த ஊருப் புள்ளைங்க பயந்தாவது சோறு திங்கட்டும்."

அறை விழுந்தது. உதடு கிழிந்தது. அவள் ஒரு பால்மீனை வாலைப் பிடித்துச் சுழற்றி அவன் தாடையில் இறக்கினாள். அவன் ஐஸ் உடைக்கும் கட்டையால் அவள் தோளில் ஒன்று போட்டான். அவள் முட்டிபோட்டு விழுந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி செனைடா குறுக்கிடாமல் குறித்துக்கொண்டாள்.

லுனிங்நிங் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இருண்ணே. எடத்துக்கு ஒரு வெல சொல்றேன். காதக் குடு."

அந்தத் துறைமுகத்தில் ஏலம் கூவுவதில்லை. வாங்குகிறவர்கள் தங்கள் விலையைத் தரகன் காதில் கிசுகிசுப்பார்கள். அதிக விலைக்கு மீன். முப்பது வருடத் தொழிலில் விலை என்ற சொல் கேட்டாலே கோப்யோவின் கழுத்து தானாகச் சாய்ந்துவிடும். அன்றும் சாய்ந்தது.

சொத்தை என்றால் என்னவென்றே அறியாத முப்பத்திரண்டும் ஒருங்கே வேலை செய்தன. கோப்யோ போட்ட அலறலில் ஐஸ் சுமந்தவர்கள் ஐஸைக் கால்மேல் போட்டுக்கொண்டார்கள். அவள் துப்பியது மீன் குவியலுக்குள் போய் விழுந்தது.

"என் காது! தேடிக்குடுங்கடா!"

"எதுலன்னு தேடறதுண்ணே?" என்றான் ஒரு சுமைகூலி. "எல்லாத் தொட்டியையும் நீங்கதான கொட்டுனீங்க."

செனைடா படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "அக்கா, அந்த உதவியால நிரந்தரமா ஏதாவது மாறுச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும்? அவரக் கேளு" என்று கோப்யோவைக் காட்டினாள்.

மறுநாளும் இரண்டாம் தூணருகே அவள் தொட்டிகள்தான் இருந்தன. கோப்யோ இப்போது மற்றக் காதில் விலை கேட்கிறான். லுனிங்நிங் நெருங்கினால் மட்டும் இரண்டடி பின்வாங்கி, "அங்கேருந்தே கத்திச் சொல்லு, தாயே!" என்கிறான்.