பரீனாவின் மெஷினும் கழுதையின் சப்பாத்தும்

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்று தன் பழைய தோல் சோபா செற்றியைத் தூக்கி வெளியே போட்டது. பரீனாவுக்குப் பித்துப் பிடித்தது அன்றிலிருந்துதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்த காலம் அது. பரீனாவின் கணவன் சுஹைர் ஹோட்டல்களுக்கு மீன் கொண்டுபோகும் கூலர் லொறி ஓட்டினான். ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்த அந்தச் செற்றியைக் கண்டதும் அவனுக்கு விட்டுவர மனமில்லை. மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு அதை ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டின் முன் அறையில் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பால் ஊற்றாத பிளேன்டி குடித்து, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டான்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது செற்றியில் மரச்சட்டமும் பஞ்சும்தான் மிச்சமிருந்தன.

"பரீனா! இதுட தோல் எங்க?"

"உரிச்சிட்டன்," என்றாள் அவள், குசினிக்குள் இருந்தபடியே. "நல்ல மாட்டுத் தோல். மேலால மட்டும்தான் வெடிச்சிருந்திச்சி. இதுல இருந்துகொண்டு பிளேன்டி குடிக்கிறது எவ்வளவு அநியாயம் தெரியுமா?"

பரீனாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் வாங்கிய கைப்பைகள் எல்லாம் போலித் தோல். கற்பிட்டியின் உப்புக் காற்று பட்டால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காமல் தோலுரிந்து போகும். நல்ல தோலில் தன் கையாலேயே ஒரு பை தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெகுநாளாக இருந்தது. செற்றி வந்ததும் அந்த ஆசைக்கு இறக்கை முளைத்துவிட்டது.

முதல் பையைக் கையாலேயே தைத்தாள். விரல்கள் எல்லாம் பிளாஸ்டர். அடுத்ததற்கு, சட்டை தைக்கும் வீட்டு மெஷினில் தோலை வைத்தாள். ஒற்றைத் தோலை அது முனகிக்கொண்டு தைத்தது. இரண்டாக மடித்து வைத்தபோது ஊசி முறிந்து பறந்து கறிச்சட்டிக்குள் விழுந்தது. சுஹைர் அன்றைக்குக் கறியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டான்.

"எனக்குப் பெரிய மெஷின் வேணும்," என்றாள் பரீனா.

"எவ்வளவு பெரிசு?"

"உங்கட லொறிட சீட்டையே தைக்கிற அளவுக்கு."

பாமசியில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து, தனக்கு எது வேண்டும் என்பதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சாதாரண மெஷினில் அடியில் இருக்கும் பல் மட்டும்தான் துணியை நகர்த்தும். தடித்த தோலைக் கொடுத்தால் கீழ் மடிப்பு முன்னே போகும், மேல் மடிப்பு பின்தங்கிவிடும். அவளுக்கு வேண்டியது நடக்கிற மெஷின். அதற்கு இரண்டு கால்கள். ஒன்று தோலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றது எழும்பி அடுத்த அடி வைக்கும். ஊசியும் தோலுக்குள் இறங்கியபடியே கூட நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கூலர் லொறியில் சிலாபத்துக்குப் போனார்கள். மூடிப்போன ஆடைத் தொழிற்சாலைகளின் மெஷின்களை வாங்கி விற்கும் கில்பட் என்பவரின் கொட்டில் அங்கே இருந்தது. பரீனாவின் பைக்குள் செற்றித் தோலை நாலாக மடித்த துண்டு ஒன்று தயாராக இருந்தது.

கில்பட் முதல் மெஷினைத் துடைத்துக் காட்டினார். "நோனா, இது ரயில் மாதிரி ஓடும்."

பரீனா தோலை வைத்தாள். ரயில் அரை அங்குலம் ஓடி நின்றுவிட்டது. அடுத்த மெஷின் தோலின் ஓரத்தை வெட்டித் துப்பியது. இன்னொன்று பெரிய சத்தம் போட்டுவிட்டு நூலைச் சிக்காக்கிக் கொடுத்தது. கில்பட்டுக்கு இப்போது ரோசம் வந்துவிட்டது. ஒவ்வொரு மெஷினாக இழுத்து வந்தார். தோல் துண்டு ஒன்றுக்கும் மசியவில்லை. மூவருக்கும் சிரிப்புத் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் பரீனா கொட்டிலின் கோடியைப் பார்த்தாள். சாக்குகளுக்குக் கீழே துருவேறிக் கறள் பிடித்த பெரிய மெஷின் ஒன்று. அதன் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அது லொறிய மூடுற படங்கு தைச்ச மெஷின். இறுகிப் போச்சு நோனா. இரும்புக்குத்தான் போகும்."

பரீனா கோழியிடம் மன்னிப்புக் கேட்டு, அதைக் கூட்டோடு தூக்கிச் சுஹைரின் கையில் கொடுத்தாள். டோர்ச் அடித்துப் பார்த்தாள். உடம்பில் வெடிப்பு இல்லை. பாகங்கள் எதுவும் களவு போயிருக்கவில்லை. கறளைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கறள் தேய்த்தால் போகும், முறிந்த பாகத்துக்கு எங்கே போவது? இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினாள். மெஷின் ஒரு மயிரிழை அசைந்தது. அதன் இரண்டு கால்களில் ஒன்று, உண்மையாகவே, கொஞ்சம் எழும்பியது.

"நடக்குது! சுஹைர், இது நடக்குது!"

"நோனா, அது நடக்கல்ல, கிடக்குது," என்றார் கில்பட்.

ஆனால் பரீனா அதைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவளுடைய சட்டை முழுக்கக் கறள். சுஹைர் கையில் கோழியோடு நின்றபடி, "இதத்தான் ஏத்தணும் போல," என்றான்.

மெஷின் வந்த பிறகு அவர்கள் வீட்டில் சமையல் அறை என்று ஒன்று இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மெஷின். அப்பச் சட்டியில் மண்ணெண்ணெய்க்குள் ஊறும் திருகாணிகள். பாமசி விட்டு வந்ததும் பரீனா சல்வாருக்கு மேல் சுஹைரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கறள் தேய்க்கும் அரத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். சுஹைர் ஸ்பேனர் பிடித்தான், சோறு வாங்கி வந்தான், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுத்தான். பக்கத்து வீட்டு றஹ்மா ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கல்யாண வீடா, கராஜா?" என்று கேட்டாள்.

எவ்வளவு எண்ணெய் ஊற்றியும் சக்கரம் அரைச் சுற்றுக்கு மேல் வரவில்லை. பரீனா மெஷினைச் சரித்து அடியில் ஆராய்ந்தாள். கொக்கி சுற்றும் தண்டில் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. இரும்பு என்றுதான் நினைத்திருந்தாள். பாமசியில் இருந்து கொண்டுவந்த சின்ன இடுக்கியால் சுரண்டியபோது நுனி பச்சையாகப் பிரிந்தது. நூல்! எந்தக் காலத்துப் படங்கு நூலோ, சுற்றிச் சுற்றி எண்ணெயில் ஊறிக் கல்லாகிப் போயிருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சுஹைர் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி முற்றத்துக்கே போய்விட்டான்.

கடைசிச் சுற்றும் கழன்றது. பரீனா ஒரு விரலால் சக்கரத்தைத் தட்டினாள். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. கால்கள் மாறி மாறி எழும்பின, ஊசி இறங்கி நடந்தது. பரீனா கூவிய கூவலில் றஹ்மா ராத்தா, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அகப்பையோடு ஓடி வந்தாள். வந்து பார்த்தால், புருஷனும் பெண்சாதியும் கைகோத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஆடுகிறார்கள்.

கில்பட்டிடமே வாங்கிய மோட்டரைப் பூட்டியபோதுதான் அடுத்த கூத்து. புத்தளத்தில் செருப்பும் சப்பாத்தும் தைக்கும் கடையில் வாங்கிய தடித்த நைலோன் நூலைக் கோத்தாள். நுனி கத்திபோல் இருக்கும் தோல் ஊசியைப் போட்டாள். சுஹைர் பக்கத்தில் நின்று தோலைத் தாங்கிப் பிடித்தான்.

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி மிதித்தாள்.

அது தொழிற்சாலை மோட்டர். அதற்கு மெதுவாக என்ற சொல்லே தெரியாது. மேசை துள்ளியது, மெஷின் குதிரைபோல் பாய்ந்தது. பரீனா பயத்தில் காலை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் அழுத்திவிட்டாள். ஒருவழியாக நின்றபோது தோல் தைபட்டிருந்தது, மேசை விரிப்பு தைபட்டிருந்தது, அவற்றோடு சேர்த்துச் சுஹைர் இடுப்பில் கட்டியிருந்த சாரனும் நல்ல உறுதியான தையலில் தைக்கப்பட்டிருந்தது.

"அசையாதீங்க! வெட்டி எடுக்கிறன்," என்றாள் பரீனா.

"எதை வெட்டப் போற? முதல்ல அதச் சொல்லு!"

சிரித்துச் சிரித்து அவளால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

மோட்டரின் வேகத்துக்கு மருந்து குறிஞ்சிப்பிட்டியில் கிடைத்தது. அங்கே வெங்காயத் தோட்டம் செய்யும் சுஹைரின் நண்பன் நஸீரிடம் பழுதாகிப்போன தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்று இருந்தது. அதில் பெல்ட் ஓடும் பெரிய கப்பியைக் கழற்றி, மோட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் பூட்டினார்கள். வேகம் போய்ப் பலம் வந்தது. பரீனா கால் விரலால் தொட்டாள். மெஷின் ஒரு தையல் போட்டுவிட்டு நின்றது. இன்னொரு முறை தொட்டாள். இன்னொரு தையல். நாலு மடிப்புத் தோல் வெண்ணெய்போல் உள்ளே போனது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தனக்குப் பை தைத்தாள். சுஹைரின் போனுக்கு உறை, டோர்ச்சுக்கு உறை, தண்ணீர்ப் போத்தலுக்கு உறை. றஹ்மா ராத்தாவின் கதவுத் திறப்புக் கோர்வைக்குப் பூப்போட்ட பட்டி. லொறியின் கியர்த் தண்டுகூடத் தோல் சட்டை போட்டுக்கொண்டது. "கொஞ்ச நேரம் சும்மா நிண்டா எனக்கும் உறை போட்டிருவா," என்று சுஹைர் மீன் ஏலம் போடும் வாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கற்பிட்டித் தெருக்களில் கழுதைகள் கூட்டமாகத் திரியும். அதில் ஒன்றுக்குச் சீமாட்டி என்று பெயர். எந்த வாகனத்துக்கும் வழிவிடாது என்பதால் வந்த பெயர். ஒருநாள் ஒரு வான் மோதி அதன் முன்காலில் குளம்பு பிளந்துவிட்டது. மிருக வைத்தியர் நிரோசன் மருந்து கட்டினார். கட்டிய துணியை அது மணலில் இழுத்து இழுத்து, பின்னேரத்துக்குள் கிழித்துவிட்டது. புண்ணில் உப்பும் மணலும் ஏறின. மருந்து வாங்கப் பாமசிக்கு வந்த நிரோசன் அலுத்துப்போய், "இதுக்கு ஒரு சப்பாத்துப் போட்டாத்தான் சரிவரும்," என்றார்.

பரீனா கையில் இருந்த மருந்துப் போத்தலைக் கீழே வைத்தாள். "எத்தனையாம் நம்பர் டொக்டர்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அளவு எடுக்கப் போனபோது சீமாட்டி அளவு நாடாவில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியால் அளந்தாள். முதல் சப்பாத்து பாழாய்ப் போனது. குழாய்போல் மூட்டிய பிறகு அதற்குள் மெஷினின் கை நுழையவில்லை. இரண்டாவதைத் தட்டையாக இருக்கும்போதே தைத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். அடித்தோலை மட்டும் விரல் நோகக் கையால் தைத்தாள். உள்ளே செற்றிப் பஞ்சு, மேலே இறுக்கிக் கட்ட இரண்டு பட்டி.

மீன் வாடிக்குப் பக்கத்தில் சுஹைர் கழுத்தைப் பிடிக்க, நிரோசன் மருந்து வைக்க, பரீனா சப்பாத்தை மாட்டிப் பட்டியை இறுக்கினாள். கூட்டம் கூடிவிட்டது. சீமாட்டி குனிந்து தன் காலைப் பார்த்தது. மெல்லத் தூக்கி வைத்தது. வலிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் தூக்கியது, இந்த முறை இன்னும் உயரமாக. பிறகு அணிவகுப்பில் போகும் பட்டாளத்துக்காரன்போல் அந்த ஒரு காலை மட்டும் வீசி வீசி வாடிக்குள் நடந்தது. மீன் ஏலம் நின்றது. ஏலம் கூறிக்கொண்டிருந்த நெய்னார் நானா சிரிப்பை அடக்க முடியாமல் பாரை மீன் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாஹ்வே, நடக்குதே!" என்று பரீனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

புண் ஆறிக் குளம்பு ஒட்டும் வரைக்கும் சீமாட்டி சப்பாத்தோடுதான் திரிந்தது. வெள்ளைக்காரர்கள் பட்டங்களைக் கரையில் போட்டுவிட்டு வந்து அதோடு நின்று படம் எடுத்தார்கள். கழற்றிய அன்று அது பரீனாவை ஒரு முறை முட்டிவிட்டு, நடுத்தெருவில் போய் நின்று பஸ்ஸை மறித்தது.

போன மாதம் நிரோசன் எலுவன்குளத்தில் இருந்து போன் எடுத்தார். வயலில் ஒரு எருமைக்குக் குளம்பு வெடித்திருக்கிறதாம்.

"எருமைட கால் பெரிசு. உங்கட மெஷினுக்கு ஏலுமா தெரியாது," என்று இழுத்தார் அவர்.

பதில் சொல்லப் பரீனாவுக்கு நேரம் இருக்கவில்லை. அவள் புது அளவு நாடாவோடு லொறியில் ஏறி உட்கார்ந்து, சுஹைரைக் கூப்பிட ஹோர்னை அடித்துக்கொண்டிருந்தாள்.