ஒதுக்குப் பட்டியலில் நான் போட்ட சொல்

ஐம்பதுகளில் தமிழ்த் தாலுகாக்களுக்காக நடந்த எல்லைப் போராட்டக் காலத்துக் கடிதங்களையும் மனுக்களையும் கணினியில் ஏற்றி, யார் எந்தச் சொல்லை அதிகம் எழுதினார்கள் என்று பார்க்கும் வேலையில் நான் நெய்யாற்றின்கரையில் இரண்டு வருடம் இருந்தேன். மென்பொருளுக்கான சொற்பட்டியல் என் பொறுப்பு. 'அரெஸ்ட்', 'கைது', 'பிடிச்சோண்டு போனது' மூன்றையும் ஒன்றாக எண்ணச் சொல்ல வேண்டும். பேச்சில் சும்மா வந்து விழும் சொற்களை எண்ணாமல் விடச் சொல்ல வேண்டும். அதற்கு ஒதுக்குப் பட்டியல் என்று பெயர். 'உண்டு', 'ஆக்கும்', 'வாறேன்', பிரியமாக யாரையும் கூப்பிடும் 'மக்கா' எல்லாவற்றையும் ஒரு மதியம் அதில் போட்டேன்.

ஆரியங்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போராட்டத்தில் பிடிபட்ட அவருடைய அண்ணன் சிறையிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். மிஷன் பள்ளியில் எழுதப் படித்த அம்மா மகனுக்குப் போட்ட கடிதங்கள், அண்ணன் உடுத்திருந்த வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தன. அவற்றைப் படமெடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார்.

"அம்மைக்க கடிதாசை கம்ப்யூட்டர் வாசிச்சுதா மக்கா? என்ன சொல்லுது?"

கொஞ்சம் பெருமையோடுதான் திரையைத் திருப்பினேன். மற்றவர்களின் பெயருக்கு நேரே 'தமிழ்', 'எல்லை', 'தாலுகா' என்று வரிசையாக நின்றன. அவருடைய அம்மாவுக்கு நேரே இரண்டே சொற்கள்: கஞ்சி, போர்வை.

"அம்மை இம்பிடுதான் எழுதினாளா?"

"இல்ல மாமா, சில சொல்லை எண்ணாண்டாம்னு நான்தான் விட்டேன்."

"எதை?"

"மக்காங்கிறதை."

அவர் கோபப்படவில்லை. "வரிக்கு வரி அவனைத்தானே விளிச்சிருக்கா. அவளுக்கு வேற என்ன எழுதத் தெரியும்?" என்றார். பிறகு கடிதங்களைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அம்மாவின் வரிசையில் அதுவே முதலில் வந்து நின்றது. அச்செடுத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவர் மகள் கதவைத் திறந்தார். "அப்பாவுக்கு வியாழக்கிழமை ஒரு வசம் கையும் காலும் தளர்ந்து போச்சு. பேச்சு இல்ல. உள்ள வாருங்க."

கட்டிலில் கிடந்தவர் கண்ணுக்கு முன்னால் தாளைப் பிடித்தேன். பார்வை அதில் நிற்கவில்லை. தலைமாட்டில் இருந்த கவரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

"மக்கா, கஞ்சி குடிச்சியா மக்கா. குளிருக்குப் போர்வை உண்டா. நான் வாறேன் மக்கா."

அசையும் பக்கத்துக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மீதியையும் வாசித்து முடிக்கும்வரை அவர் விடவில்லை. 

அந்த மழைக்காலத்திலேயே இறந்துவிட்டார். கடிதங்களைப் பெட்டிக்குள் அவர் நெஞ்சின்மேல் வைத்து அடக்கம் செய்ததாக மகள் போனில் சொன்னார். எங்களிடம் படங்கள் மட்டும் இருக்கின்றன.